மஞ்சள் வந்தால் போதும்

குடும்ப ஆதரவுத் துறையில் அவளுக்குப் பொறுமையக்கா என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. அவளிடம் துளியும் இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்த பெயர் என்பது மட்டும் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லாருக்கும் தெரியும். லிஃப்ட் வரத் தாமதமானால் பொத்தானைத் திட்டுவாள். கூட்டத்தில் யாராவது "சுருக்கமா சொல்றேன்" என்று ஆரம்பித்தால் கைப்பையை மூடிக்கொண்டு எழுந்துவிடுவாள். ஆனால் வேலையாகப் போகிற வீடுகளில் கதையே வேறு. ஒரு தாய் படுக்கையை விட்டு எழுந்து முகம் கழுவி வர முற்பகல் முழுக்க ஆனாலும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். இருக்கிற பொறுமையெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது, ஆபீசுக்கு எதைக் கொண்டுவருவது என்பது அவள் கட்சி.

அவள் வேலை, சொல்லப்போனால், வீடு வீடாகப் போவதுதான். கஷ்டத்தில் இருக்கிறார்கள் என்று துறை அடையாளம் கண்ட குடும்பங்களை வாராவாரம் போய்ப் பார்க்கவேண்டும். தாயோடு உட்கார்ந்து பேசுவது, பிள்ளைகளோடு தரையில் உருண்டு விளையாடுவது, யாரை எந்த டாக்டரிடம் காட்டவேண்டுமோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரோடு மல்லுக்கு நிற்பது. இதையெல்லாம் அவள் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தாள், தரவு சார் வருகிறவரைக்கும்.

தரவு சார்தான் இயக்குநர். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். நல்ல மனிதர். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். யார் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி, தரவு என்ன சொல்லுது?" என்பார். வந்த வருஷமே ஒரு பெரிய ஆய்வைக் காட்டித் துறைக்கு மூன்று வண்ணங்களைக் கொண்டுவந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மதிப்பீட்டாளர் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். வீடு நன்றாக இருந்தால் பச்சை. குடும்பம் தேறிவிட்டது, இனி உதவி வேண்டாம், பொறுமையக்கா அடுத்த வீட்டைப் பார்க்கலாம். வீடு மோசமாக இருந்தால் சிவப்பு. பிள்ளைகளை விடுதிக்கு மாற்றலாமா என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்யும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் மஞ்சள், உதவி தொடரும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பொறுமையக்காவுக்குத்தான் கேட்ட அன்றே தலை சுற்றியது. பச்சை வீடு ஏன் பச்சையாக இருக்கிறது? யாரோ ஒருத்தி வாராவாரம் போவதால். போகிறதை நிறுத்திவிட்டால்? காய்ச்சல் இறங்கிவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிற கதையாக இல்லையா இது? கூட்டத்தில் எழுந்து இதையேதான் கேட்டாள், கொஞ்சம் உரக்கவே. தரவு சார் தலையைச் சாய்த்துக் கேட்டார். நல்ல கேள்வி என்றார். உதவி நின்றுபோன குடும்பங்கள் பிறகு என்ன ஆகின்றன என்று பார்க்க இன்னொரு ஆய்வு தேவை, அதற்கு நிதி கேட்டு எழுதியிருக்கிறேன் என்றார். அது வருகிறவரைக்கும் என்ன செய்வது என்று கேட்டாள். அதுவரைக்கும் பச்சை பச்சைதான் என்று சொல்லிவிட்டார்.

ஆகவே ஊழியர்களும் குடும்பங்களும் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். யாரும் கூடிப் பேசவில்லை, யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை, அது பாட்டுக்கு நடந்தது. வீட்டுக்கு ஆள் வந்தால் உலகத்தில் எல்லாரும் கூட்டிப் பெருக்குவார்கள். இவர்கள் பெருக்கி வைத்த வீட்டில் குப்பையைப் போட்டார்கள். மதிப்பீட்டு நாளன்று பாத்திரம் தேய்க்காமல் கிடக்கும், குழந்தையின் சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருக்கும். எல்லாம் அளவோடு. கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை, சமையலுக்கு உப்புப் போடுகிற கணக்கு. பொறுமையக்கா இதில் கைதேர்ந்தவள். அவள் பார்த்துக்கொண்ட வீடுகள் எல்லாம் மஞ்சள், அச்சடித்த மாதிரி மஞ்சள்.

அதில் ஒன்று தையல்காரி வீடு. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, மாடிப்படி முழுக்க யார் யார் சைக்கிளோ சாய்த்துவைத்திருக்கும். வீடு என்றால் ஒரே அறை. பாதியைத் தையல் மெஷின் எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில் தையல்காரியும், ஒன்பது வயதுப் பெண்ணும், நாலு வயதுப் பையனும். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். அவனைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொறுமையக்கா முதன்முதலாகக் கதவைத் தட்டியபோது திறந்தது அந்தப் பெண்தான். இடுப்பில் தம்பி. உள்ளே தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை, கண் திறந்தே இருந்தது. மெஷின் மேல் துணியைப் போர்த்தியிருந்தார்கள், துணி மேல் தூசி படிந்திருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டதற்கு, "உடம்பு நல்லாத்தான் இருக்கு. எழுந்திருக்கத்தான் மாட்டேங்கிறாங்க" என்றாள் குழந்தை. பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற மதியச் சாப்பாட்டில் பாதியை டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து தம்பிக்கும் அம்மாவுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது அவள் அதிகம் பேசமாட்டாள். பேச ஆரம்பித்தபிறகு நிறுத்தவில்லை. வாயாடி என்று பெயர் வைத்ததே பொறுமையக்காதான். பையனுக்கு எப்போதும் குட்டிதான்.

டாக்டர், மருந்து, அந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் வேறு மருந்து, எழுந்து உட்கார்ந்தால் ஒரு நாள், படுத்துவிட்டால் மறுபடி ஒரு வாரம். இப்படியே போய் ஒரு நாள் தையல் மெஷின் ஓடியது. அன்றைக்குப் பொறுமையக்கா நாலு மாடியும் இறங்கித் தெருவுக்கு வந்து, நின்றுகொண்டே அழுதாள். இப்போது தையல்காரி காலையில் எழுகிறாள், சமைக்கிறாள், பெண்ணுக்குத் தலை பின்னுகிறாள், பக்கத்து வீட்டுக்காரிகளோடு சண்டைகூடப் போடுகிறாள். ஆனாலும் எப்போதாவது ஒரு நாள், "அக்கா, இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று ஃபோன் வரும். பொறுமையக்கா போவாள், பக்கத்தில் உட்கார்வாள், அவ்வளவுதான். மறுநாள் சரியாகிவிடும். அந்த ஃபோனை எடுக்க ஆள் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை அவள் நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை. அந்த வீடு மஞ்சளில் இருந்தாகவேண்டும், வேறு பேச்சே கிடையாது.

இதுவரைக்கும் அதில் கஷ்டம் இருக்கவில்லை. மதிப்பீட்டுக்கு வந்தவர் ஒரு தூங்குமூஞ்சி. நாலு மாடி ஏறிய களைப்பில் நாற்காலியில் சாய்ந்து, கொடுத்த டீயைக் குடித்து, ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மஞ்சள் போட்டுடலாமா?" என்று அவரே கேட்பார். அந்தப் புண்ணியவான் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்குத் தரவு சார் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்தார். ஆபீஸ் அவளுக்குப் புதுசு என்று பெயர் வைத்தது. புதுசு நேரத்துக்கு வந்தாள், டீ வேண்டாம் என்றாள், எல்லா ஆய்வுகளையும் படித்துவைத்திருந்தாள்.

மதிப்பீட்டுக்கு முந்தின நாள் தையல்காரி வீட்டில் ஒத்திகை நடந்தது. பாத்திரம் அப்படியே கிடக்கட்டும், குட்டிக்குத் தலை வாரவேண்டாம், கதைப் புத்தகங்கள் கண்ணில் படக்கூடாது, கேட்டால் தூக்கம் சரியாக வருவதில்லை என்று மட்டும் சொன்னால் போதும். தையல்காரிக்கு இந்தக் கூத்து எப்போதுமே பிடிக்காது. கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தைத் திரும்ப அழுக்காக்க அவளுக்குக் கை வரவில்லை.

"நான் நல்லா இருக்கேன்னு ஒருத்தராவது எழுதட்டுமேக்கா" என்றாள்.

"எழுதுவாங்க. எழுதிட்டு என்னைப் போகச் சொல்லிடுவாங்க" என்று பொறுமையக்கா அவள் வாயை அடைத்துவிட்டாள்.

வாயாடி பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எதுக்குப் பெரியம்மா, எதுக்குப் பெரியம்மா என்று துளைத்தெடுத்தாள். பொறுமையக்கா புத்தகங்களைக் கட்டிலுக்கடியில் தள்ளிக்கொண்டே, குனிந்த வாக்கில் பதில் சொன்னாள். வீடு ரொம்ப நல்லா இருந்தால் பச்சை என்று போட்டுவிடுவார்கள், பச்சை வந்தால் பெரியம்மா இனிமேல் இங்கே வரமுடியாது. சிவப்பைப் பற்றிச் சொல்லவில்லை. தாயையும் பிள்ளையையும் பிரிக்கிற பேச்சை அந்தச் சின்னக் காதில் போடவேண்டாம் என்று நினைத்தாள். அது கருணையா சோம்பலா என்று பிறகு பல நாள் யோசித்தாள்; இரண்டும்தான் என்று பட்டது.

மதிப்பீட்டின்போது வீட்டு ஊழியர் கூட இருக்கக்கூடாது என்பது விதி. ஆகவே பொறுமையக்கா ஆபீசில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அங்கே புதுசு, ஒரு புதிய முறைப்படி, வாயாடியைத் தனியாக மாடிப்படியில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தை என்ன சொல்கிறது என்று தனியாகக் கேட்டாகவேண்டும் என்று அண்மை ஆய்வுகள் எல்லாம் அடித்துச் சொல்கின்றனவாம். இது பற்றித் துறையிலிருந்து எல்லாருக்கும் சுற்றறிக்கை வந்திருந்தது. பொறுமையக்கா சுற்றறிக்கை படிக்கிற வழக்கம் கிடையாது. படித்தால் கோபம் வரும் என்பாள். இந்தத் தடவை படித்திருக்கலாம்.

வாரக் கடைசியில் தரவு சார் கூப்பிட்டனுப்பினார். தையல்காரி வீடு சிவப்பு.

அறிக்கையை அவரே வாசித்தார், மெதுவாக. தாய் நாள் கணக்கில் படுக்கையை விட்டு எழுவதில்லை. குழந்தை பள்ளிச் சாப்பாட்டில் பாதியைக் கொண்டுவந்து தாய்க்கும் தம்பிக்கும் கொடுக்கிறது. ராத்திரி எழுந்து, தாய் மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே கை வைத்துப் பார்க்கிறது. கடைசியில் சொன்னது பொறுமையக்காவுக்கே தெரியாத விஷயம்.

"இப்படிப்பட்ட வீட்டையா இத்தனை நாளா மஞ்சள்ல வெச்சிருந்தீங்க?" என்று தரவு சார் கேட்டார். கோபம்கூட இல்லை, வருத்தம். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இது பழைய கதை சார், இப்போது அப்படி இல்லை என்றாள். குழந்தை நேற்று நடந்த மாதிரி சொல்லியிருக்கிறாளே என்றார். அந்த இடத்திலேயே உள்ளதைப் போட்டு உடைத்திருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது, மென்று முழுங்கிவிட்டாள். உடைத்தால் தன் வேலை போகும் என்பது ஒரு பக்கம். மற்ற வீடுகளின் மஞ்சளும் சேர்ந்து வெளுத்துவிடும் என்பது இன்னொரு பக்கம். குழு அடுத்த வாரம் கூடுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பொறுமையக்கா தையல்காரி வீட்டுப் படிகளை ஏறும்போதே கத்த ஆரம்பித்துவிட்டாள். என்னடி சொல்லித் தொலைத்தாய், யார் உன்னை இதையெல்லாம் சொல்லச் சொன்னது, ஊரில் இல்லாத வாய் உனக்கு எங்கிருந்து வந்தது. வாயாடி வாசலில் நின்று முழுசையும் கேட்டாள். அவள் முகத்தில் பயம் இல்லை. ஒரு பெரிய வேலையை ஒண்டியாக முடித்துவிட்டவளின் பெருமைதான் இருந்தது.

"பச்சை வரக்கூடாதுன்னு நீங்கதானே பெரியம்மா சொன்னீங்க. அதான் வரவே வராத மாதிரி சொல்லிட்டேன்."

பொறுமையக்காவுக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சிவப்பு என்று ஒன்று இருக்கிறது என்று இவளிடம் யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. பாதி வழியைக் காட்டிவிட்டு, பள்ளத்தில் ஏன் விழுந்தாய் என்று ஒன்பது வயதுக் குழந்தையைக் கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? மேற்கொண்டு கத்தத் தெம்பில்லாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தையல்காரி பிள்ளைகளைக் கீழே விளையாட அனுப்பினாள். குழு கூடுவதற்கு முன்னால் அறிக்கையின் நகலைத் தாய்க்குக் கொடுக்கவேண்டும் என்பதும் விதி. அது மெஷின் மேல் மடித்துக் கிடந்தது. அவள் அழவில்லை. அவளிடம் பொறுமையக்கா எதிர்பார்த்த எந்தக் கேள்வியும் வரவில்லை. பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்களா என்றுகூடக் கேட்கவில்லை.

"மூக்குக்கிட்ட கை வெச்சுப் பார்த்தேன்னு சொல்லியிருக்கா. உங்களுக்குத் தெரியுமாக்கா?"

தெரியாது என்றாள் பொறுமையக்கா.

"அப்பெல்லாம் எனக்கு ஏது தூக்கம். முழிச்சுக்கிட்டுத்தான் கிடப்பேன். ஒரு நாள் முகத்துல என்னமோ பட்டுச்சு. கொசுன்னு நினைச்சுத் தட்டிவிட்டேன்."

பொறுமையக்காவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அப்படித் தெரியாமல் போனால் அவள் வேலை பார்க்க ஆரம்பித்துவிடுவாள். குழுவில் என்ன பேசவேண்டும் என்று அப்போதே சொல்லிக்கொடுத்தாள். குழந்தை ஒரு மாதிரி கற்பனை பண்ணுவாள், கதை கட்டுவாள், டீச்சர்கூட அப்படித்தான் சொல்கிறார் என்று சொல்லிவிடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். தையல்காரி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து பொறுமையக்கா நேராகப் புதுசிடம் போனாள். புதுசின் மேசையில் தையல்காரி வீட்டு அறிக்கைதான் இருந்தது. அந்தக் குழந்தை பேசியதைக் கேட்டதிலிருந்து தனக்குத் தூக்கமே இல்லை என்று அவள் சொன்னாள், பார்த்தாலும் அப்படித்தான் தெரிந்தது. பொறுமையக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். வீட்டைக் கலைத்தது நான், புத்தகத்தை ஒளித்தது நான், குழந்தையைக் கிளப்பிவிட்டதும் நான்தான். புதுசு வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"அப்ப என் மதிப்பீடு தப்பு. பச்சைன்னு மாத்திடறேன்."

பொறுமையக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பச்சை வேணாம்மா. மஞ்சள்னு மாத்து."

"எதை வெச்சு மாத்தச் சொல்றீங்க? பார்த்தது நிஜம்னா சிவப்பு. நடிப்புன்னா பச்சை. மஞ்சளுக்கு ஆதாரம் எங்க இருக்கு?"

இந்தப் பெண்ணைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் போகிறதுதான் ஆதாரம், நான் போகாமல் நின்றால் இன்னும் நல்ல ஆதாரம் கிடைக்கும், அதுவரைக்கும் காத்திருக்கிறாயா என்று கேட்டாள். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று புதுசு உண்மையாகவே தேடிப் பார்த்தாள். அப்படி ஒரு கட்டம் இல்லை. எதுவானாலும் குழுவில் சொல்லிவிடுங்கள் என்றாள்.

குழு கூடிய அறையில் நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், மூலையில் ஏசி ஒழுகுகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு வாளி. தலைவராக இருந்தவர் குழந்தை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். பக்கத்தில் தரவு சார், இன்னும் இரண்டு பேர், எழுதிக்கொள்ளப் புதுசு. எதிரே தையல்காரி, மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துவைத்துத் தேய்த்த உடுப்பு, படிய வாரிய தலை. பொறுமையக்காவுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. இன்றைக்கென்று பார்த்து இப்படிப் பச்சையாக வந்திருக்கிறாளே.

முதலில் பொறுமையக்காவைப் பேசச் சொன்னார்கள். சுருக்கமாகவே சொன்னாள். அந்த வீட்டில் அன்றைக்குப் பார்த்தது எல்லாம் தான் ஏற்பாடு செய்தது. வீடு நன்றாக இருக்கிறது, தாய் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள், பிள்ளைகளைப் பிரித்தால் அதைவிடப் பாவம் வேறு கிடையாது. சிவப்பு வந்தது இவர்களால் இல்லை, என்னால். என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

தரவு சார் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"இந்த ஒரு வீடு மட்டும்தானா?"

பொறுமையக்கா மூலையில் இருந்த வாளியைப் பார்த்தாள். அதுவே போதுமானதாக இருந்தது. துறையின் மஞ்சளை வைத்து அவர் எழுதிய கட்டுரைகள், அரசாங்கத்துக்குக் கொடுத்த பரிந்துரைகள், எல்லாம் அவர் கண்முன்னால் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவது முகத்தில் தெரிந்தது. அந்த நேரத்திலும் பொறுமையக்காவுக்கு அவர் மேல் பரிதாபம் வந்தது. வந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

தலைவரம்மாள் தையல்காரியின் பக்கம் திரும்பினார். உங்கள் மகள் சொன்னதெல்லாம் பொய்யா என்று கேட்டார். பொறுமையக்கா மேசைக்கு இந்தப் பக்கமிருந்து கண்ணைக் காட்டினாள். கதை கட்டுவாள் என்று சொல், ஒரே வார்த்தை, சொல்லித் தொலை.

"பொய் இல்லைங்க" என்றாள் தையல்காரி.

பொறுமையக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவ சொன்னது அத்தனையும் நடந்துச்சு. இப்ப இல்ல, ரெண்டு வருஷம் முன்னாடி. அவளைப் பொய் சொல்றவன்னு என் வாயால சொல்ல மாட்டேன்." கோத்திருந்த கையைப் பிரித்து மேசை மேல் வைத்தாள். "இப்ப நான் எழுந்துடறேன். பிள்ளைங்களைப் பாத்துக்கறேன். ஆனா திரும்ப வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது. சில நாள் வருது. வந்தா அக்காவுக்கு ஃபோன் பண்ணுவேன், அவங்க வந்து உக்காருவாங்க. யாருமே வரலேன்னா என்ன ஆகும்னு எனக்கே தெரியலைங்க. அதுக்கு உங்ககிட்ட என்ன கலர் இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்."

பொறுமையக்கா கண்ணைத் திறந்தாள். இத்தனை நாள் இந்தப் பெண்ணுக்காகத் தான் பேசவேண்டும், தான் ஒளிக்கவேண்டும், தான் நடத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. அதே நேரத்தில், இவள் இப்படிப் பேசியதால் பிள்ளைகள் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்தது.

அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே பேசினார்கள். வெளியே இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி கூப்பிட்டபோது தலைவரம்மாள் முடிவைச் சொன்னார். மஞ்சள். பிள்ளைகள் தாயிடமே இருக்கலாம், உதவி தொடரும். தையல்காரி மேசையைப் பிடித்துக்கொண்டாள். பொறுமையக்காவுக்கு எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது.

பாக்கியையும் தலைவரம்மாளே சொன்னார், தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு. மதிப்பீட்டைக் கெடுத்த ஊழியர் இனி எந்த வீட்டுக்கும் போகக்கூடாது. வேலையை விட்டு நீக்கவில்லை, அலுவலகத்துக்குள்ளே வேறு வேலை கொடுக்கப்படும். இந்தக் குடும்பத்துக்கு வேறொரு ஊழியர் நியமிக்கப்படுவார். கடைசியில் தரவு சாரும் பேசினார். குடும்பங்கள் ஏன் இப்படி நடித்துக் காட்டவேண்டியிருக்கிறது என்பதை முறையாக ஆராய்வதற்கு ஒரு திட்டம் எழுதப்போவதாகச் சொன்னார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதுவரைக்கும் வண்ணங்கள் இருக்குமா என்று பொறுமையக்கா கேட்டாள். அதுவரைக்கும் இருக்கும் என்றார்.

யாரையாவது நன்றாகத் திட்டவேண்டும் என்று வெளியே வந்தாள். யாரைத் திட்டுவது என்று யோசித்தால் ஒருத்தரும் அகப்படவில்லை. புதுசு கேட்டதை எழுதினாள். தலைவரம்மாள் பிள்ளைகளைத் தாயிடம் விட்டார். தரவு சார் ஆராயப்போகிறார். எல்லாரும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள், அந்த வீட்டுக்கு ஃபோன் எடுக்கிறவள் மட்டும் இனி இல்லை.

பொறுப்பை ஒப்படைப்பதற்காக ஒரே ஒரு தடவை போய்வர அனுமதி கொடுத்தார்கள். வாயாடிதான் கதவைத் திறந்தாள். மஞ்சள்தானே பெரியம்மா என்றாள். மஞ்சள்தான் என்றதும் குதித்தாள், அவள் குதிப்பதைப் பார்த்துக் காரணம் தெரியாமல் குட்டியும் குதித்தான். பொறுமையக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உட்கார்ந்துவிட்டால் சொல்ல வராது என்று தெரியும். இனிமேல் நான் வரமாட்டேன், வேற ஒருத்தங்க வருவாங்க, நல்லவங்க, என்னை மாதிரிக் கத்தமாட்டாங்க என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

வாயாடி குதிப்பதை நிறுத்தினாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கணக்குப் போடுகிறவள் மாதிரி நின்று யோசித்தாள்.

"அவங்க போகாம இருக்கணும்னா நான் என்ன சொல்லணும் பெரியம்மா?"

உள்ளே ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. "ஒண்ணும் சொல்ல வேணாம். கேட்டா உள்ளதைச் சொல்லு" என்றாள் தையல்காரி.

"உள்ளதைச் சொன்னா பச்சை வந்துடுமே."

தாய் பொறுமையக்காவைப் பார்த்தாள். பொறுமையக்கா குனிந்து அந்தக் குழந்தையின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"வந்தா வரட்டும்டி. அது பெரியவங்க பாடு. நாங்க பார்த்துக்கறோம். அதை உன் தலையில கட்டினது என் தப்பு."

வாயாடி அவளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், திரும்ப அவளைப் பார்த்தாள்.

"சரி பெரியம்மா" என்றாள், பெரியவர்களைச் சமாதானப்படுத்த அவள் எப்போதும் சொல்கிற குரலில்.